196: அஞ்சாம் கிளாஸ் கணக்குதான், ஆனால் விடை இன்னும் யாருக்கும் தெரியாது

கையில் பேனா இருக்கிறதா? இல்லை என்றால் மொபைல் கால்குலேட்டர் போதும். ஏதாவது ஓர் இரண்டு இலக்க எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அதைத் திருப்பிப் போட்டு, இரண்டையும் கூட்டுங்கள். வந்த விடையையும் திருப்பிப் போட்டுக் கூட்டுங்கள். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒரே மாதிரி இருக்கும் எண் வரும் வரை இதையே செய்யுங்கள்.

57 என்று வைத்துக்கொள்வோம். 57 + 75 = 132. அடுத்து 132 + 231 = 363. முடிந்தது. இரண்டே படி.

இப்போது 196 எடுத்துப் பாருங்கள். 887, 1675, 7436, 13783, 52514, 94039, 187088, 1067869... எங்கேயும் நிற்காது. 100 கோடி இலக்கம் தாண்டும் வரை கம்ப்யூட்டரில் கூட்டிப் பார்த்துவிட்டார்கள். முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கும் எண் வரவே இல்லை. இனியும் வராது என்று நிரூபிக்கவும் யாராலும் முடியவில்லை.

அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட புரியும் இந்தக் கேள்வியில் கணிதம் ஏன் மாட்டிக்கொண்டு நிற்கிறது? விளக்கமாகப் பார்ப்போம்.

மாலைமாற்று எண் என்றால் என்ன?

'விகடகவி' என்ற சொல்லைத் திருப்பிப் படியுங்கள். அதே 'விகடகவி'தான். இப்படி அமையும் செய்யுளைத் தமிழில் 'மாலைமாற்று' என்பார்கள். திருஞானசம்பந்தரின் 'திருமாலைமாற்று' தேவாரத்தில் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. மாலையை எந்த முனையில் பிடித்தாலும் ஒரே வரிசைதானே, அதுதான் கணக்கு.

எண்களிலும் அப்படித்தான். 7, 44, 363, 1221, 15951 எல்லாமே மாலைமாற்று எண்கள். இங்கிலீஷில் பாலிண்ட்ரோம் என்பார்கள். கோடிங் இன்டர்வியூவுக்குத் தயார் செய்தவர்களுக்கு இந்தப் பெயரைப் பார்த்ததும் லீட்கோட் ஞாபகம் வரும். அங்கே 9ஆவது கணக்கே இதுதான்.

எத்தனை மாலைமாற்று எண்கள் இருக்கின்றன? ஐந்து இலக்கத்தில் எண்ணிப் பார்ப்போம். முதல் மூன்று இலக்கத்தை நீங்கள் முடிவு செய்துவிட்டால், மீதி இரண்டும் தானாக வந்துவிடும். முதல் இலக்கத்துக்கு 9 வாய்ப்பு, அடுத்த இரண்டுக்கும் தலா 10. மொத்தம் 900. ஆனால் ஐந்து இலக்க எண்களே 90,000 இருக்கின்றன. அதாவது நூற்றில் ஒன்று. இலக்கம் கூடக் கூட இவை இன்னும் அரிதாகிக்கொண்டே போகும்.

திருப்பிக் கூட்டினால் மாலைமாற்று ஏன் வருகிறது?

இதில் மந்திரம் எதுவும் இல்லை. சின்ன வயசில் "2 போட்டு, மிச்சம் 1" என்று கூட்டுவோமே, அந்த 'மிச்சம் 1'தான் இந்தக் கதையின் ஹீரோவும் வில்லனும். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களுக்கு அது 'கேரி'. இந்தக் கட்டுரையில் கேரி என்றே சொல்வோம்.

132-ஐ 231-உடன் கூட்டும்போது எங்கேயும் கேரி வரவில்லை. ஒன்றாவது இடத்தில் 2 + 1, நூறாவது இடத்தில் 1 + 2. இரண்டு ஓரத்திலும் அதே இரண்டு இலக்கங்கள்தான் கூடுகின்றன. அதனால் இரண்டு ஓரத்திலும் ஒரே விடை. கேரி வராவிட்டால் மாலைமாற்று எண் கட்டாயம் வரும். கேரி வந்தால் அந்தச் சமநிலை குலையும். 29 + 92 = 121 மாதிரி, கேரி வந்தும் சில சமயம் மாலைமாற்று அமைந்துவிடும். ஆனால் எண் நீள நீள அந்த அதிர்ஷ்டமும் குறையும்.

இரண்டு இலக்க எண்களில் இன்னொரு வசதி இருக்கிறது. எண்ணையும் அதன் திருப்பத்தையும் கூட்டினால், வருவது இலக்கங்களின் கூட்டுத்தொகையை 11ஆல் பெருக்கியதுதான். 57-இல் 5 + 7 = 12. 12 × 11 = 132. அதனால் 57, 75, 48, 84, 39, 93 எல்லாம் ஒரே பாதையில்தான் போகும். கூட்டுத்தொகை 9 வரை இருந்தால் ஒரே படியில் முடிந்துவிடும். 14 என்றால் மூன்று படி: 59, 154, 605, 1111. 16 என்றால் ஆறு படி: 79, 176, 847, 1595, 7546, 14003, 44044.

17 வந்தால்? அங்கேதான் 89 இருக்கிறது.

89: பாதியில் விட்டவர்கள் ஏமாந்த இடம்

89 + 98 = 187. 187 + 781 = 968. 968 + 869 = 1837. இப்படியே போனால் பத்தாவது படியிலும் வராது, இருபதாவது படியிலும் வராது. "சரி, இது வரவே வராதுபோல" என்று மூடிவைக்கத் தோன்றும். 24ஆவது படியில் 88132,00023188 என்று வந்து நிற்கும். அதாவது 8813200023188. அதைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்.

இதைவிட மோசமான எண்களும் இருக்கின்றன. 2005-இல் ஜேசன் டூசெட் என்பவர் கண்டுபிடித்த 1186060307891929990 என்ற 19 இலக்க எண் 261 படிகள் ஓடி, 119 இலக்கம் கொண்ட மாலைமாற்று எண்ணில் முடிகிறது. 260 படி வரை பார்த்துவிட்டு "வராது" என்று சொல்லியிருந்தால் அது தப்பு.

196 விஷயத்தில் கணிதக்காரர்கள் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாததற்கு இதுதான் காரணம்.

196-ஐ எவ்வளவு தூரம் துரத்தினார்கள்?

ஜான் வாக்கர் என்ற புரோகிராமர் 1987 ஆகஸ்ட் 12 அன்று 196-ஐ ஒரு கம்ப்யூட்டரில் ஓட விட்டார். கம்ப்யூட்டர் வேறு வேலை இல்லாமல் சும்மா இருக்கும் நேரத்தில் மட்டும் இந்தக் கணக்கு ஓடும். 1990 மே 24 அன்று எண் 10 லட்சம் இலக்கத்தைத் தொட்டது. அதற்குள் 24,15,836 முறை கூட்டியாகிவிட்டது. மாலைமாற்று வரவில்லை.

1995-இல் டிம் இர்வின் சூப்பர் கம்ப்யூட்டர் உதவியுடன் 20 லட்சம் இலக்கத்தை எட்டினார். 2006-இல் வேட் வான்லாண்டிங்ஹாம் 30 கோடி இலக்கம். 2011-இல் ரொமேன் டோல்போ 100 கோடி படிகளை முடித்தார். 2015-இல் எண்ணின் நீளமே 100 கோடி இலக்கத்தைத் தாண்டியது. மாலைமாற்று அப்போதும் வரவில்லை.

எவ்வளவு கூட்டினாலும் மாலைமாற்று ஆகாத எண்ணுக்கு 'லிக்ரெல் எண்' என்று பெயர். பெயர் வைத்தவர் அதே வான்லாண்டிங்ஹாம்தான். தன் காதலி செரிலின் பெயரைக் கலைத்துப் போட்டு இந்தச் சொல்லை உருவாக்கினார். ஆனால் 196 உண்மையிலேயே லிக்ரெல் எண்தானா என்பது இன்றுவரை சந்தேகம் மட்டுமே.

1000-க்குக் கீழே இப்படிச் சந்தேகத்தில் இருப்பவை 13: 196, 295, 394, 493, 592, 689, 691, 788, 790, 879, 887, 978, 986. இவற்றில் 11 எண்கள் 196-இன் பாதையிலேயே வந்து சேர்கின்றன. 879, 978 இரண்டும் தனிப் பாதை.

கம்ப்யூட்டரால் ஏன் முடியவில்லை?

கம்ப்யூட்டரால் "இதுவரை வரவில்லை" என்றுதான் சொல்ல முடியும். நமக்கு வேண்டியது "எப்போதும் வராது" என்பது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் 100 கோடி இலக்கம் ஓடினாலும் குறையாது.

வராது என்று எல்லோரும் நினைப்பதற்கு நல்ல காரணம் உண்டு. 0 முதல் 9 வரை இரண்டு இலக்கங்களை எடுத்தால் 100 ஜோடிகள். அவற்றில் கூட்டுத்தொகை 9-க்குள் அடங்குபவை 55. ஆறு இலக்க எண்ணில் இப்படி மூன்று ஜோடிகள். மூன்றிலும் கேரி வராமலிருக்க வாய்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒன்று. 20 இலக்கத்தில் ஏறத்தாழ 400-இல் ஒன்று. 100 இலக்கத்தில் 10 லட்சம் கோடியில் ஒன்று! எண் வளர வளர வாய்ப்பு இப்படிச் சரிகிறது. 10,000-க்குக் கீழுள்ள எண்களில் ஏறத்தாழ 90 சதவீதம் ஏழு படிக்குள் முடிந்துவிடுவதும் இதனால்தான். முடிய வேண்டியது சின்னதாக இருக்கும்போதே முடிந்துவிடுகிறது.

ஆனால் இது வாய்ப்புக் கணக்கு. 196-இன் இலக்கங்கள் லாட்டரிச் சீட்டு மாதிரி குலுக்கிப் போடப்படுவதில்லை. ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து கறாராக வருவது. "வாய்ப்பு ரொம்பக் கம்மி" என்பது நிரூபணம் ஆகாது.

சுவாரஸ்யமான விஷயம், கம்ப்யூட்டர் பயன்படுத்தும் இரும எண்களில், அதாவது 0, 1 மட்டுமே இருக்கும் எண்களில், இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. 10110 என்ற இரும எண், நம் கணக்கில் 22, ஒருபோதும் மாலைமாற்று ஆகாது என்பது நிரூபிக்கப்பட்டிருக்கிறது. அதைத் திருப்பித் திருப்பிக் கூட்டினால் நான்காவது படியில் 10110100 வரும். இன்னும் நான்கு படி போனால் 1011101000. ஓரங்கள் அப்படியே இருக்க, நடுவில் ஒரு 1-உம் கடைசியில் ஒரு 0-உம் கூடியிருக்கின்றன. நான்கு படிக்கு ஒருமுறை அதே வடிவம் கொஞ்சம் நீண்டு திரும்பி வருகிறது. வடிவம் பிடிபட்டதால், என்றென்றைக்கும் இப்படித்தான் என்று சொல்ல முடிந்தது. நாம் பயன்படுத்தும் பத்தடிமான எண்களில் 196-க்கு இப்படி ஒரு வடிவம் இதுவரை யார் கண்ணிலும் படவில்லை.

அழகான வரிசையை நம்பலாமா?

இதைக் கால்குலேட்டரில் போடுங்கள்:

11 × 11 = 121
111 × 111 = 12321
1111 × 1111 = 1234321

அடுத்தது என்ன வரும் என்று பார்க்காமலே சொல்லிவிடுவீர்கள். ஒன்பது 1-கள் வரை சரியாகவே வரும்: 12345678987654321. பத்து 1-கள் போட்டால்? 1234567900987654321. மாலை அறுந்துவிட்டது. காரணம் அதே பழைய வில்லன், கேரி. நடுவில் 10 வர வேண்டும், ஓர் இடத்தில் 10 உட்காராது.

ஒன்பது முறை சரியாக வந்தது பத்தாவது முறை உடைகிறது. டெஸ்ட் கேஸ் எல்லாம் பாஸ் ஆன கோட், லைவுக்குப் போனதும் விழுந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் இந்த வலி புரியும்.

இந்த எண்களுக்கு இந்தியாவில் நீண்ட வரலாறு இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் வாழ்ந்த ஜைனக் கணித அறிஞர் மகாவீரர், தன் 'கணித சார சங்கிரகம்' நூலில் 12345654321 என்ற எண்ணைத் தருகிறார். ஒன்றில் தொடங்கி ஆறு வரை ஏறி, அதே வரிசையில் இறங்கும் எண் என்று அதை வர்ணிக்கிறார். 27994681-ஐ 441ஆல் பெருக்கினால் அது வரும். 139 × 109 = 15151 போன்ற பெருக்கல்களையும் தந்து, இப்படி வரும் எண்களைக் கழுத்தணியோடு ஒப்பிடுகிறார். தமிழ் அதை மாலை என்றது, அவர் கழுத்தணி என்றார். பார்வை ஒன்றுதான். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம்.ரங்காசாரியா இந்த நூலை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1912-இல் சென்னை அரசு அச்சகம் அதை வெளியிட்டது.

தேவ்லாலி பள்ளி ஆசிரியர் கண்டுபிடித்தது என்ன?

121, 12321, 1234321 வரிசைக்கு இன்று 'டெம்லோ எண்கள்' என்று பெயர். டெம்லோ என்பது மும்பை அருகே இருந்த ஒரு ரயில் நிலையத்தின் பெயர். அங்கே இந்த யோசனை தோன்றியதால் அந்தப் பெயரை வைத்தவர் தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர்.

1905-இல் தஹானுவில் பிறந்தவர். புனே ஃபெர்குசன் கல்லூரியில் படித்து, 1929-இல் பி.எஸ்சி. முடித்தார். அதற்கு மேல் படிக்கவில்லை. நாசிக் அருகே தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளி ஆசிரியர். எண்களை வைத்து விளையாடுவதே அவருடைய ஆராய்ச்சி. "இதெல்லாம் பெரிய கணிதமா?" என்று நினைத்த கணித அறிஞர்கள் பலர்.

1946-இல் அவர் கவனித்தது இது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். அதிலிருந்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கியதைக் கழியுங்கள். 3524 என்றால்:

5432 – 2345 = 3087
8730 – 0378 = 8352
8532 – 2358 = 6174

6174-ஐ மறுபடி அடுக்கிக் கழித்தால் 7641 – 1467 = 6174. அங்கேயே நின்றுவிடும். நீங்கள் எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழு படிக்குள் 6174-க்கு வந்துவிடுவீர்கள். காப்ரேகர் இதை 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்தார். 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் அவரைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று 6174-க்குப் பெயரே 'காப்ரேகர் மாறிலி'.

இப்போது 196-ஐயும் 6174-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் திருப்பி அடுக்கும் விளையாட்டுதான். ஆனால் 6174 நிரூபிக்கப்பட்ட உண்மை, 196 திறந்த கேள்வி. ஏன்?

காப்ரேகர் கழிக்கிறார். கழித்தால் எண் நான்கு இலக்கத்துக்குள்ளேயே சுற்றும். சோதிக்க வேண்டியவை எண்ணி முடிக்கக்கூடியவை. பெரியதிலிருந்து அடுக்கிய இலக்கங்களை அ, ஆ, இ, ஈ என்று வைத்தால், கழித்து வருவது 999 × (அ – ஈ) + 90 × (ஆ – இ). இதில் வரக்கூடிய சேர்க்கைகள் 54 மட்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் 54-ஐயும் கையால் போட்டுப் பார்த்துவிடலாம். அந்த நோட்டுப் பக்கங்களே முழு நிரூபணம்.

196-இல் கூட்டுகிறோம். எண் வளர்ந்துகொண்டே போகும், பாதைக்கு முடிவில்லை. அங்கே எவ்வளவு சோதித்தாலும் அது சோதனை மட்டும்தான். எல்லை இருந்தால் சோதனையே நிரூபணம் ஆகலாம். எல்லை இல்லாவிட்டால் காரணம் தெரிய வேண்டும்.

அப்படியானால் மாலைமாற்று எண்கள் பற்றி எதுவுமே நிரூபிக்க முடியாதா?

முடியும். 21-ஐ இரண்டு மாலைமாற்று எண்களின் கூட்டலாக எழுதிப் பாருங்கள். முடியாது. மூன்று என்றால் முடியும்: 11 + 9 + 1. எல்லா எண்ணுக்கும் மூன்று போதுமா?

வில்லியம் பேங்க்ஸ் என்ற கணிதவியலாளர், 49 மாலைமாற்று எண்கள் இருந்தால் எந்த முழு எண்ணையும் எழுதிவிடலாம் என்று நிரூபித்தார். அதன்பின் ஹாவியேர் சியருவேலோ, ஃப்ளோரியன் லூகா, லூயிஸ் பாக்ஸ்டர் மூவரும் 49-ஐ மூன்றாகக் குறைத்தார்கள். அந்த ஆய்வுக் கட்டுரை 2018-இல் 'மேதமேடிக்ஸ் ஆஃப் கம்ப்யூடேஷன்' இதழில் வெளியானது. உங்கள் மொபைல் எண், உங்கள் சம்பளம், இந்த மாத இஎம்ஐ, எதுவானாலும் மூன்று மாலைமாற்று எண்களின் கூட்டல்தான். இங்கே எல்லை இல்லை, ஆனால் காரணம் கிடைத்தது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் அந்த மூன்று எண்களைக் கட்டி எடுக்கும் வழிமுறையையே அவர்கள் எழுதிக் காட்டினார்கள்.

இன்டர்வியூவில் கேட்டால்?

"ஓர் எண் பாலிண்ட்ரோமா என்று பார்க்க கோட் எழுதுங்கள், ஆனால் ஸ்டிரிங்காக மாற்றாமல்" என்பார்கள். மூன்று விஷயங்களை ஞாபகம் வையுங்கள்.

ஒன்று, –121 மாலைமாற்று இல்லை. திருப்பினால் கழித்தல் குறி கடைசிக்குப் போய்விடும்.

இரண்டு, 0 தவிர, 0-வில் முடியும் எந்த எண்ணும் மாலைமாற்று ஆகாது. எண் 0-வில் தொடங்காதே!

மூன்று, முழு எண்ணையும் திருப்பாதீர்கள். 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2147483647. 1999999999-ஐத் திருப்பினால் 9999999991, அந்த எல்லைக்கு வெளியே போய்விடும். பின்பாதியை மட்டும் திருப்பி முன்பாதியோடு ஒப்பிட்டால் போதும்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

1. உங்கள் பைக்கில் 27972 கி.மீ. காட்டுகிறது. அடுத்த மாலைமாற்று எண் வர இன்னும் எத்தனை கி.மீ. ஓட்ட வேண்டும்? 29992 காட்டினால்?

2. நான்கு இலக்க மாலைமாற்று எண்களில் பகா எண்கள் எத்தனை?

3. 22-02-2022 மாலைமாற்றுத் தேதி. நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் அதற்கு அடுத்தது எப்போது?

4. காப்ரேகர் விளையாட்டை மூன்று இலக்க எண்ணில் ஆடினால் எங்கே போய் நிற்கும்?

விடைகள்

1. 28082 வர 110 கி.மீ. ஆனால் 29992-இலிருந்து 30003-க்கு வெறும் 11 கி.மீ. ஐந்து இலக்கத்தில் அடுத்தடுத்த மாலைமாற்று எண்களுக்கு இடையே 100, 110, 11 என்ற மூன்று இடைவெளிகள்தான் வரும். நடு இலக்கம் 9 இல்லையென்றால் 100. நடு இலக்கம் மட்டும் 9 என்றால் 110. அதன் இரண்டு பக்கமும் 9 என்றால் 11.

2. ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்ட எண்ணை 1001 × அ + 110 × ஆ என்று எழுதலாம். 1001-உம் 110-உம் 11ஆல் வகுபடும். ஆகவே எல்லாமே 11-இன் மடங்குகள்.

3. 03-02-2030. நடுவில் வேறு தேதி வராது. 2023-ஐத் திருப்பினால் 32ஆம் தேதி வேண்டும், 2029-க்கு 92ஆம் தேதி!

4. 495. இலக்கங்கள் மூன்றும் ஒன்றாக இல்லாத எந்த எண்ணும் அங்கேதான் வந்து சேரும்.

இரண்டாவது விடையைக் கவனியுங்கள். நான்கு இலக்க மாலைமாற்று எண்கள் மொத்தம் 90. தொண்ணூறையும் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தும் அதே விடைக்கு வரலாம். ஆனால் 1001-உம் 110-உம் கண்ணில் பட்டுவிட்டால், ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. 196-க்கும் எல்லோரும் தேடிக்கொண்டிருப்பது அப்படி ஒரு வரியைத்தான். அதைக் கண்டுபிடிப்பவருக்கு சூப்பர் கம்ப்யூட்டர் தேவைப்படும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.